மூன்றாவது பிள்ளை

1981 ஐப்பசி. மழை பிடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. போடி சப்-ஜெயிலில் இருந்த முப்பது சொச்சம் பேரில், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஒன்பது பேரை மட்டும் பிரித்து, சமையல்கட்டை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொருவனும் தனக்குத் தோன்றியதை நினைத்துக்கொண்டான்.

"குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வெட்டத்தான் கூப்புடுறாய்ங்க," என்றான் வெள்ளைத்துரை. கஞ்சா கேசில் வந்தவன், வாய் ஓயாதவன். "எமர்ஜென்சியில எங்க சித்தப்பனச் சந்தைக்குப் போன எடத்துல லாரியில ஏத்திட்டுப் போனாய்ங்க. திரும்பி வரும்போது கையில ஒரு பிளாஸ்டிக் வாளி. அம்புட்டுத்தான், அவருக்கு அதுக்கப்புறம் புள்ள இல்ல."

"அந்தக் காலமெல்லாம் முடிஞ்சிருச்சுடா," என்றான் ஒருவன்.

"ஜெயிலுக்குள்ள எந்தக் காலம் முடிஞ்சுச்சு, எந்தக் காலம் தொடங்குச்சுன்னு உனக்கு எவன் வந்து சொல்லுவான்?"

சுருளி சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயது. போடிக்கும் குரங்கணிக்கும் இடையே ஜீப்பு ஓட்டியவன். குரங்கணி ஜீப்பு ஸ்டாண்டில், பட்டப்பகலில், பெரியம்மாள் என்கிற எஸ்டேட் பெண்ணை ஜாக்கிக் கம்பியால் அடித்துக் கையை முறித்ததற்காக உள்ளே வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜாமீனுக்கு ஆள் இல்லை. அவன் கேட்கவும் இல்லை.

எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், பெரியம்மாள் அவன் மனைவி ராக்குவுக்கு அடுத்த வீடு. ஏலக்காட்டில் களை வெட்டுகிறவள்தான் என்றாலும், லயத்தில் எந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ராக்குவுக்கு இரண்டு முறை அவள்தான் பார்த்தாள். இரண்டு முறையும் பிள்ளை செத்துப் பிறந்தது. முதலாவது எட்டாம் மாதத்தில், ஆண். அடுத்தது ஏழில், பெண். ராக்கு மூன்றாவது முறை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பெரியம்மாள் ஸ்டாண்டுக்கே வந்து, மற்ற டிரைவர்கள் காதில் விழும்படி, "இதாச்சும் தங்கணும்னா நீ மொதல்ல போயி உன் ரத்தத்தப் பாருய்யா. கொற அவகிட்ட இல்ல" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவன் கை ஜீப்பின் சீட்டுக்கடியில் போனது.

அவள்தான் பிள்ளைகளை ஏதோ செய்துவிட்டாள், அதை மறைக்கத்தான் பழியை என்மேல் போடுகிறாள். போலீசிடம் அவன் அதைத்தான் சொன்னான். அதை நம்பவும் செய்தான்.

தலைமைக் காவலர் ராஜாராம் கதவைத் திறந்தார். அவர் பின்னால் குடையை மடக்கியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை, கக்கத்தில் சுருட்டிய படத்தாள்கள். முப்பது வயது இருக்காது.

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் நாக்கைச் சொடுக்கினான்.

"இவங்க சுகாதார நிலையத்துலேருந்து வந்திருக்காங்க. பொன்னுமணி சிஸ்டர்," என்றார் ராஜாராம். அவருக்கே சங்கடமாக இருந்தது. "மலைச்சாமி சார்தான் வர்றதா இருந்துச்சு. அவருக்கு ஒடம்பு சரியில்லையாம். ஒழுங்கா உக்காந்து கேளுங்கடா."

மலைச்சாமிக்கு உடம்பில் ஒன்றுமில்லை, இதைப் பேசக் கூச்சப்பட்டுத்தான் லீவு போட்டார் என்பது பின்னால் எல்லாருக்கும் தெரிந்தது.

"போன மாசம் டாக்டர் வந்து உங்களப் பாத்தாருல்ல," என்று ஆரம்பித்தாள் பொன்னுமணி. "உங்கள்ல ஒரு சிலருக்குச் சீக்கு இருக்கலாம்னு எழுதியிருக்காரு. யாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாருக்கும் தெரிய வேண்டிய விசயம். பேசி முடிச்சதும் எல்லாரும் கொஞ்சம் ரத்தம் குடுக்கணும், மதுரைக்கு அனுப்பிப் பாக்கணும். கல்யாணம் ஆனவங்களுக்கும் சரி, ஆகப்போறவங்களுக்கும் சரி." படத்தை ஆணியில் மாட்டினாள். ஆண் உடம்பு, பெண் உடம்பு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரைந்த படம்.

தாழ்வாரமே சிரித்தது. "படத்துல ஒண்ணும் வெளங்கலயே," என்றான் வெள்ளைத்துரை. "நேர்ல காட்டுனாத்தான் மண்டையில ஏறும் நர்சம்மா!"

ராஜாராம் லத்தியை ஓங்கினார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் அஞ்சு வருசமாப் பிரசவம் பாக்குறேன் தம்பி. ஆம்பள ஒடம்பயும் பொம்பள ஒடம்பயும் பாத்தா எனக்குச் சிரிப்பு வராது, வெக்கமும் வராது. உங்களுக்கு வெக்கமா இருந்தாச் செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காருங்க. காது கேட்டாப் போதும்."

உண்மையிலேயே இரண்டு பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். வெள்ளைத்துரை திரும்பவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டான். அவள் ஒரு குச்சியை எடுத்துப் படத்தில் வைத்தாள்.

அவள் பேசியது எதையும் அங்கே ஒருவனும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மாதவிலக்கு என்றால் என்ன, கரு எப்படித் தங்குகிறது என்று சொன்னாள். கட்டிய மனைவியே ஆனாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றாள். "அதெப்படி?" என்று ஒருவன் எழுந்தான். "தாலி கட்டுனது எதுக்கு?"

"பேசி வாழுறதுக்கு," என்றாள். "உங்க வீட்டுல அவ பயந்துக்கிட்டுப் படுக்குறாளா, ஆசையாப் படுக்குறாளான்னு ஒங்களுக்கே தெரியும். யாருகிட்டயும் நீங்க சொல்ல வேணாம். யோசிச்சாப் போதும்."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு சீக்கைப் பற்றி வந்தாள். "பொம்பளச் சீக்குன்னு சொல்றீங்க. ஆம்பளதான் அத வீட்டுக்குக் கொண்டுவர்றான். மொதல்ல ஒரு புண்ணு வரும். வலிக்காது. மருந்து போட்டாலும் போடாட்டியும் கொஞ்ச நாள்ல அதுவா ஆறிரும். நாட்டு மருந்து குடுத்தவரு, பாத்தியா நான் கொணமாக்கிட்டேன்னு சொல்லுவாரு. கொணமாகியிருக்காது. ரத்தத்துக்குள்ள போயிருக்கும்."

சுருளியின் முதுகு சுவரை விட்டு நகர்ந்தது. கல்யாணத்துக்கு ஐந்து மாதம் முன்பு. மதுரைக்கு லோடு ஏற்றிப்போன இடத்தில், கூட வந்த டிரைவர்களோடு போன ஒரு வீடு. அப்புறம் ஒரு புண். வலிக்காத புண். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருவன் கொடுத்த சூரணம்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பொண்டாட்டிக்கு ஒட்டிக்கும். அவ வயித்துல இருக்கற புள்ளைக்குப் போகும். எட்டாம் மாசம், ஏழாம் மாசம் புள்ள உள்ளயே செத்துரும். பொறக்கும்போது தோலு ஈரத்துணி மாதிரி உரிஞ்சு..."

"பொய்யி!"

அவன் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவள் மணிக்கட்டை அவன் கை பிடித்திருந்தது. குச்சி கீழே விழுந்தது. "பொய்யி சொல்ற! அவ சொல்லித்தான வந்திருக்க? பெரியம்மா சொல்லி அனுப்புனாளா?"

ராஜாராமின் லத்தி அவன் தோளில் விழுந்தது. இன்னொரு காவலரும் ஓடிவந்தார். சுருளி கையை விடவில்லை. இரண்டாவது அடிக்கு முழங்கால் மடங்கிற்று.

"அடிக்காதீங்க சார்!" பொன்னுமணி கத்தினாள். "அவரா விட்டுருவாரு. அடிக்காதீங்க!"

விட்டான். அவள் மணிக்கட்டில் நான்கு விரல் அச்சு சிவந்து கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்னவோ புரிந்துவிட்டது. அதுதான் அவனுக்கு அடியைவிட வலித்தது.

அன்று யாரும் ரத்தம் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் அவன் கேப்பைக்களியைத் தொடவில்லை. பெரியம்மாள் பிள்ளையைப் பழந்துணியில் சுற்றிக் காட்டியது கண்ணில் நின்றது. முதல் பிள்ளையின் கால் தோல் அவள் விரலோடு வந்தது. "எப்புடி இப்புடி ஆச்சு?" என்று அவன் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. அவள் அப்போதே சந்தேகப்பட்டிருக்கிறாள். அவனைத் தனியாக அழைத்துச் சொல்ல இரண்டு தரம் வந்தாள் என்பதும், சோலி இருக்கிறது என்று அவன்தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ராக்குவை அவன் என்னவெல்லாம் சொல்லியிருந்தான்! புள்ள தங்காத வயிறு என்றான். இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வாரம் அவளை அடித்தும் இருக்கிறான்.

"அந்தம்மா இனிமே வராது," என்றான் வெள்ளைத்துரை. "நீ புடிச்ச புடிக்கு வேற யாரா இருந்தாலும் ராஜினாமா குடுத்திருக்கும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். கையில் கண்ணாடி வளையலுக்குப் பதில் துணிக்கட்டு இருந்தது. ரத்தம் எடுக்கும் சாமான்களோடு தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தாள். யாரும் மேசைப் பக்கம் போகவில்லை. சுருளி எழுந்தான். ராஜாராம் அவனுக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எடுங்கக்கா," என்று கையை நீட்டினான்.

அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாக வெள்ளைத்துரை, கண்ணை இறுக மூடிக்கொண்டு. "இது ரத்தம் மட்டுந்தான? வேற ஒண்ணும் எடுக்க மாட்டீங்களே?" என்று மூன்று தரம் கேட்டான்.

மதுரையிலிருந்து முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. மூன்று பேருக்கு இருந்தது. சுருளிக்கும். பெனிசிலின் ஊசி போட்டபோது அவள் மெல்லக் கேட்டாள்.

"வீட்டுல எத்தன மாசம்?"

"அஞ்சு முடிஞ்சு ஆறு."

"அப்ப நேரம் இருக்கு. ஆனா நெறைய இல்ல. அவங்களும் ரத்தம் பாக்கணும். வாரத்துக்கு ஒண்ணு, மூணு ஊசி. வெரசாப் போட்டுக்கிட்டாப் புள்ளையக் காப்பாத்திரலாம்."

"அவகிட்ட சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுருங்கக்கா. கால்ல விழுறேன்."

அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள். "ஊசி போடுறேன். பொய் சொல்ல மாட்டேன். அவங்க ஒடம்புல என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். நாளைக்கு நீங்க வெளிய வந்து மறுபடி எங்கயாச்சும் போயிட்டு வந்தா, வேணாம்னு சொல்ல அவங்களுக்கு ஒரு காரணம் வேணாமா? நீங்க சொன்னா மருவாதி. சொல்லாட்டி நான் மலைக்குப் போயிச் சொல்லுவேன். அடுத்த கோர்ட்டு நாள் வரைக்கும் பாப்பேன்."

கடிதம் எழுத முடியாது. ராக்குவுக்குப் படிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளைதான் படித்துச் சொல்வார், அது மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். சுருளி ராஜாராமிடம் கெஞ்சி, வாய்தா அன்று வரவேண்டும் என்று மட்டும் ஜீப்பு ஸ்டாண்டுக்குத் தகவல் அனுப்பச் செய்தான்.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் வாய்தா. கோர்ட்டு வராந்தாவில் ராக்கு நின்றாள். வயிறு தெரிந்தது. பக்கத்தில் அவள் அண்ணன் கன்னையன், மண்வெட்டிப் பிடி மாதிரி விறைத்துக்கொண்டு. சுருளியின் வலது கை ஒரு போலீஸ்காரரின் கையோடு விலங்கில் பூட்டியிருந்தது.

"பத்து நிமிசந்தான்," என்றார் போலீஸ்காரர்.

"மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவகிட்டப் பேசணும்."

"எதுன்னாலும் எம் முன்னாடி பேசு," என்றான் கன்னையன்.

ராக்கு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போயி டீ வாங்கிக் கொண்டா." அவன் முறைத்துக்கொண்டே போனான்.

போலீஸ்காரரை அனுப்ப வழியில்லை. அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார், காதைத் திருப்ப முடியுமா? உள்ளே டைப் மிஷின் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஒடம்புக்கு என்னய்யா? எளச்சுப் போயிட்ட," என்றாள் ராக்கு.

"நான் சொல்றத முழுசாக் கேளு. நடுவுல போயிராத."

"சொல்லு."

"எனக்கு ஒரு சீக்கு இருக்கு. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி மதுரையில ஒரு எடத்துக்குப் போனேன். அங்க வந்தது. கொணமாயிருச்சுன்னு நெனச்சேன். ஆகல. அது உனக்கும் வந்திருக்கும். எங்கிட்டேருந்துதான்."

டைப் மிஷின் நின்றது, மறுபடி ஓடியது.

"அந்த ரெண்டு புள்ளையும்?"

"அதனாலதான்."

"ரெண்டும்?"

"ம்."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"இந்தப் புள்ளையக் காப்பாத்தலாம் ராக்கு. சுகாதார நிலையத்துல பொன்னுமணின்னு ஒரு அக்கா இருக்காக. இன்னைக்கே போ. மூணு ஊசி..."

"பெரியம்மாக்கா சொன்னது இதத்தானா?"

அவனால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

"அதுக்குத்தான் அவ கைய ஒடச்சியா?"

கன்னையன் டீயோடு வந்தான். அவள் வாங்கவில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். எந்தப் பக்கம் போனாள் என்று பார்ப்பதற்குள் உள்ளிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட் வாய்தாவை மார்கழிக்குத் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை பொன்னுமணி வந்தாள். அவன் கேட்கும் முன்பே தலையை ஆட்டினாள். ராக்கு வரவில்லை.

அன்றைக்குத் தாழ்வாரத்தில் அவள் நிரோத் உறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைத்துரை கூடச் சிரிக்காமல், தனக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று கேட்டான். சுருளிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. விரல் விட்டு நாளை எண்ணினான். முதல் பிள்ளை செத்தது எட்டில். இரண்டாவது ஏழில். இது எத்தனையில்? மலையில் மழை விடவில்லை, குரங்கணிப் பாதையில் மண் சரிந்து ஜீப்பு ஓடவில்லை என்று புதிதாக உள்ளே வந்தவன் ஒருவன் சொன்னான். அதனால் வரவில்லையா, இல்லை வராமலே இருந்துவிட்டாளா? ஏதேனும் குடித்துக் கிடித்து வைத்தாளா? நினைப்பு அங்கே போனதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வான். ராஜாராம் இரண்டு தரம் வந்து, "என்னடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பொன்னுமணி வரும் நாளே அல்ல, அவள் ஜெயில் வாசலுக்கு வந்தாள். உள்ளே வர அனுமதி இல்லை. ராஜாராம்தான் வந்து சொன்னார்.

"ஒம் பொண்டாட்டி வந்துச்சாம்டா. ரத்தம் குடுத்துட்டு, ஊசியும் போட்டுக்கிருச்சாம்."

"தனியாவா வந்தா?"

"கையில கட்டுப் போட்ட ஒரு பொம்பளயக் கூட்டிக்கிட்டு வந்துச்சாம். மண்ணு சரிஞ்ச எடத்துல ரெண்டு பேரும் எறங்கி நடந்தே வந்தாகளாம்."

சுருளி தரையில் உட்கார்ந்து அழுதான். ராஜாராம் மற்றவர்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு, தானும் போய்விட்டார்.

மார்கழியில் கோர்ட்டில், "அடிச்சியா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். இலவச வக்கீல், இல்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார். "அடிச்சேன்யா. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல," என்றான் சுருளி. எட்டு மாதம் போட்டார்கள். உள்ளே இருந்த நாளைக் கழித்துக்கொண்டு, மதுரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

மாசி கடைசியில் அங்கே ஒரு கார்டு வந்தது. "பெண் குழந்தை. ஐந்தே கால் பவுண்டு. பிறந்தவுடன் அழுதது. பொன்னுமணி." அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். 'அழுதது' என்ற சொல்லை மட்டும் பக்கத்துக் கொட்டடிக்காரனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டான்.

வைகாசியில் விடுதலையானான். நேரே போடி, அங்கிருந்து குரங்கணி, அங்கிருந்து நடை. லயத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரியம்மாள் வாசலில் இடது கையால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கையில் மடங்காமல் நீட்டியபடி இருந்தது.

அவன் போய் எதிரே நின்றான். "அக்கா... தப்புப் பண்ணிட்டேன்."

"கோர்ட்டுல ஒத்துக்கிட்டியாம்ல."

"ஆமாக்கா."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவள் கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

"இந்தக் கை இனி மடங்காதுன்னுட்டாக. களக்கொத்து புடிக்க முடியாது, பிரசவத்துல புள்ள வாங்க முடியாது. சோத்த இடது கையால திங்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒம் மூஞ்சிதான் ஞாவகம் வருது. ஒம் பொண்டாட்டிக்காகக் கூடப் போனேன், ஒனக்காக இல்ல. தள்ளி நில்லு, வெளக்குப் பொருத்தணும்."

பேச்சுச் சத்தம் கேட்டு ராக்கு அடுத்த வாசலுக்கு வந்தாள். கையில் பிள்ளை. அவனைப் பார்த்ததும் நிலைப்படியில் நின்றுவிட்டாள். அவன் ஓரடி வைத்தான். அவள் நகர்ந்து வழிவிடவில்லை.

"ரத்தம் பாத்தியா?" என்றாள்.

"மதுரையில ஒருக்கா பாத்தாக. ஒண்ணும் இல்லைன்னாக."

"காகிதம்?"

"குடுக்கல."

"ரெண்டு வருசம் பாத்துக்கிட்டே இருக்கணும்னு சிஸ்டர் சொல்லிருக்காக. எனக்கு, புள்ளைக்கு, எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. நீயும் காகிதத்தக் கொண்டா. பெறகு பேசலாம்."

"பேசலாம்னா... ஒண்ணா இருக்கலாம்னா?"

"பேசலாம்னுதான் சொன்னேன்."

பிள்ளை அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று மாதப் பிள்ளை. கன்னம் உப்பி, தலையில் எண்ணெய் மினுங்க இருந்தது. தூக்கலாமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். ராக்கு அதைக் கவனித்திருக்க வேண்டும். பிள்ளையை நிமிர்த்தி, முகம் அவன் பக்கம் தெரிகிற மாதிரி கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

கடைசி ஜீப்பு போய்விடுமே என்று அவன் வேகமாக இறங்கினான். மறுநாள் காலை சுகாதார நிலையம் திறந்தபோது, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றான்.